அடித்தொண்டை

ஜூன் 4, புதன்

வாயை மூடு, வாயை மூடு என்று பன்னிரண்டு வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிரிந்து போனார் என் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. இன்று அதையே டாக்டர் சொன்னார். ஃபீஸும் கொடுத்து, நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

குரல்வளையில் இரண்டு பக்கமும் காய்ப்பு. போன வாரம் எடுத்துவிட்டார்கள். ஒரு மாசத்துக்குப் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது கத்துவதைவிட மோசமாம். முதல் நாள் போனபோது "என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். டப்பிங் என்றேன். "என்ன மாதிரி?" பேய் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

சாலிகிராமத்தில் எந்த டப்பிங் தியேட்டரில் கேட்டாலும் சொல்வார்கள், பேய் என்றால் லோகநாயகி. கதாநாயகி சாதுவாக இருக்கிறவரைக்கும் அவளுக்குப் பேசுவது வேறொரு பெண், தேன் குரல்காரி. பேய் பிடித்ததும் அந்தப் பெண் வெளியே வந்து ஜூஸ் குடிப்பாள், நான் உள்ளே போவேன். அடித்தொண்டையிலிருந்து எடுப்பேன். அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது, நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் மேலே. அங்கிருந்து எடுத்தால் ஆண் குரலா பெண் குரலா என்று பெற்ற தாய்க்கே சந்தேகம் வரும். அங்கிருந்து எடுத்து எடுத்துத்தான் குரல்வளை காய்த்துப் போனது.

பேசாவிட்டால் எனக்கு வயிறு உப்பிவிடும். அதனால்தான் இந்த நோட்டு.

ஜூன் 5, வியாழன்

வேலைக்கு வரும் பாக்கியம் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறாள், "மௌன விரதமாக்கா? எந்த சாமிக்கு?" தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். "ஓ, தொண்டைக்கு ஒரு சாமியா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவன் நம்பரைச் சொல்லுங்க, சொல்லுங்க என்று கத்தி, கடைசியில் நான் செவிடு என்று முடிவு பண்ணிவிட்டான். மார்க்கெட்டில் ஒரு சிலேட்டு வாங்கினேன். ஐம்பத்திரண்டு வயசில் சிலேட்டும் கையுமாக நடந்து வந்தேன், தலையெழுத்து.

ஜூன் 7, சனி

டைரக்டர் பையன் ஜெரால்டு வசனத்தை அனுப்பியிருக்கிறான். "எப்ப மேடம் ரெடியாவீங்க? க்ளைமாக்ஸ் உங்களுக்காக வெயிட்டிங். இது புது மாதிரி பேய் மேடம்."

என்ன புதுசு? கல்யாணமாகி வந்த பெண், பழைய பங்களா, தலைவிரி கோலம். எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்! பிடிப்பது பொண்ணை, ஓட்டுவது ஆண். பூசாரியோ, பாதிரியாரோ, கோட்டு போட்ட டாக்டரோ, எவனானாலும் மீசை இருக்கும். ஆம்பளைக்குப் பேய் பிடிக்காதா என்றால் பிடிக்கும், காமெடிக்கு. ஒரு காமெடி நடிகருக்குள் பொம்பளைப் பேய் புகுந்த படத்துக்கு நான்தான் பேசினேன். அவர் இல்லாத முந்தானையை இழுத்து இழுத்துவிட்டு நடந்தார், தியேட்டரே உருண்டு புரண்டு சிரித்தது. முந்தின படத்தில் ஒரு பெண்ணுக்கு அதே மாதிரி வசனத்தை அதே குரலில்தான் பேசியிருந்தேன். அப்போது ஒரு ஈ காக்கை சிரிக்கவில்லை.

இன்னொன்று. பேய் வருகிறவரைக்கும் இந்தப் பெண்களுக்கு வசனமே கிடையாது. என்னங்க, சாப்டீங்களா, பயமா இருக்குங்க, அவ்வளவுதான். பேய் வந்த பிறகுதான் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். எவன் கெடுத்தான், எவன் கொன்றான், எல்லாம் அப்போதுதான் வரும். நமக்கென்ன, வசனம் நீளமாக இருந்தால் நல்லதுதானே.

ஜூன் 8, ஞாயிறு

விழுப்புரத்திலிருந்து கஜேந்திரன் அண்ணன் வந்தான், கூடவே மங்கை அண்ணியும். வந்ததே அதிசயம். சினிமாக்காரி என்று என்னைத் தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில்கூடப் போடாதவன். பலகாரப் பையோடு வந்து நிற்கிறான்.

விஷயம் அந்தப் பெண்தான், மோகனப்ரியா. கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. பண்ருட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வீட்டில் மூன்றே பேர், அவள், மாப்பிள்ளை திருமூர்த்தி, மாமனார் அருணகிரி. மாமியார் காலமாகிவிட்டார். மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட். நைட் ஷிப்ட் வாரத்தில் மட்டும் மோகனா அலறுகிறாளாம். பேய்க்கும் ஷிப்ட் தெரிந்திருக்கிறது. இது பேய்தான் என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் மாமனாராம். அனுபவஸ்தர் போலிருக்கிறது.

"நெறைய பேரு சொல்றாங்க, புருஷன் வீட்ல இருக்கப் புடிக்காம நடிக்கிறான்னு" என்றான் அண்ணன். "நீ எத்தன பேய்க்குக் கொரல் குடுத்தவ. நீயே கேட்டு சொல்லு லோகா. நடிப்பா, நெசமா?"

அவள் அலறியபோது மாமனாரே அறைக்கு வெளியில் நின்று போனில் சத்தத்தைப் பிடித்து அனுப்பியிருக்கிறார். கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். அடடா, என்ன குரல்! 'கதவத் தொறக்காத, கதவத் தொறக்காத' என்று தொடங்குகிறாள். முதல் தடவை மேல் தொண்டை, இரண்டாவது உடைந்து வருகிறது, மூன்றாவது நேராக அடித்தொண்டைக்கு இறங்கிவிடுகிறது. நடுவில் மூச்சே எடுக்கவில்லை. அது நடிக்கிறவர்களால் ஆகாது. நடிக்கிறவள் எங்கேயாவது மூச்சைத் திருடுவாள், எனக்குத் தெரிந்துவிடும். பின்னால் கதவுக் கொண்டி குலுங்குகிற சத்தம் வேறு, நம் எஃபெக்ட்ஸ்காரர்கள் பிச்சை வாங்க வேண்டும்.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று தலையாட்டினேன். சிலேட்டில் எழுதியும் காட்டினேன். 'நடிப்பு இல்லை. சத்தியம்.'

அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் "ஒன் வாயால... ஒன் கையால சொன்னா சரியா இருக்கும்" என்றான். போகும்போது "ஒன் தொழில நான் ஒரு நாளும் மதிச்சதில்ல, மனசுல வெச்சுக்காத" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

அண்ணன் கொண்டுவந்த அதிரசம் நன்றாக இருந்தது. தொண்டைக்கு ஆகாது, ஆனாலும் நான்கு சாப்பிட்டேன்.

ஜூன் 14, சனி

அண்ணனுக்குப் படிக்க வராது என்றில்லை, படிக்க மாட்டான். எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மன் கோயிலாம். (ஊர்ப் பெயரை எழுத வேண்டாம்.) அமாவாசைக்கு உச்சி வேளையில் பேய் ஓட்டுகிற பூசாரி. இருபத்தைந்தாம் தேதி நாள் குறித்துவிட்டார்கள். "மெட்ராஸ்ல பெரிய ஆளு, எந் தங்கச்சி, அவளே சொல்லிட்டா நெசம்னு" என்று பூசாரியிடம் சொன்னானாம்.

மனசுக்குள் என்னவோ ஒரு நெருடல். வேப்பிலையால் நாலு தட்டு தட்டுவார்கள், திருநீறு போடுவார்கள், அதற்கு மேல் என்ன.

ஜூன் 19, வியாழன்

இன்று நான் பேசிய ஒரு பழைய படத்தை டிவியில் போட்டார்கள். என் குரலை நானே கேட்டால் தொண்டை தானாக அசைகிறது, வலிக்கிறது. அதனால் சத்தத்தை முழுசாக எடுத்துவிட்டுப் பார்த்தேன்.

அந்தக் காட்சியை டப்பிங் தியேட்டரில் நூறு தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் உதட்டைத்தான் பார்த்திருக்கிறேன். வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது, அதுதானே என் பிழைப்பு. இன்றைக்குத்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. ஒரு பெண்ணைத் தூணில் கட்டியிருக்கிறார்கள். சுற்றி ஏழெட்டு ஆண்கள். ஒருவன் முடியைப் பிடித்து இழுக்கிறான், ஒருவன் பிரம்பால் அடிக்கிறான், அவள் புருஷன் ஓரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். அவள் என்னவோ சொல்கிறாள், சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஒருத்தனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பூசாரியைத்தான் பார்க்கிறார்கள்.

சத்தத்தை எடுத்துவிட்டால் அது பேய்ப்படமே இல்லை. அந்தப் பெண்ணைப் பேய் ஆக்கியது நான் போட்ட சத்தம்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

அண்ணன் எனக்கும் அனுப்பியிருந்த அந்த ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டேன். இந்தத் தடவை குரலை விட்டுவிட்டு அவள் சொல்வதைக் கேட்டேன்.

கதவத் தொறக்காத. கதவத் தொறக்காத. கதவத் தொறக்காத மாமா. அம்மாகிட்ட சொல்லிடுவேன்.

மாமா. அது அப்போதும் காதில் விழுந்ததுதான். 'மா'வில் குரல் இரண்டாகப் பிளக்கிறதே என்று வியந்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் குரல் தூரத்திலிருந்து வருகிறது, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கொண்டி குலுங்குகிற சத்தம் கிட்டத்தில் கேட்கிறது, போனை ஒட்டினாற்போல. மைக்குக்குப் பக்கத்தில் கேட்கிற சத்தம் மைக்கைப் பிடித்திருக்கிறவன் போடுகிற சத்தம். இது தெரியாமலா இத்தனை வருஷம் மைக் முன்னால் நின்றேன்? ஒரு கையில் போன், இன்னொரு கை கொண்டியில். பாவி.

நான் சத்தியம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 21, சனி

அண்ணனுக்கு நீளமாக மெசேஜ் அடித்தேன். பேய் இல்லை, மாமனாரைச் சந்தேகப்படு, மோகனாவை உடனே கூட்டி வா என்று. பார்த்ததற்கு நீலக் குறி வந்தது. பதில் வாய்ஸில் வந்தது. "நீதான லோகா சத்தியம்னு எழுதுன? இப்ப பேயோட பேச்ச நம்பி சம்பந்தி மேல பழி போடலாமா? பூசாரி சொன்னாரு, நாள் நெருங்க நெருங்க அது வீட்டாளுங்க மனசக் கலைக்கும்னு. நீ பேசாம இரு."

பேசாமல்தான் இருக்கிறேன், படுபாவி.

மோகனா நம்பரை அழுத்தினேன். ஸ்விட்ச் ஆஃப்.

ஜூன் 22, ஞாயிறு

அண்ணனுக்கு ஆறு மெசேஜ். போன் பண்ணி வாய் திறந்து இரண்டு வார்த்தை கத்தினால் கேட்பானோ என்று நினைத்தேன். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்தால் தொண்டை பழையபடி ஆகிவிடும் என்றாரே டாக்டர். இப்போது கத்தினால் எல்லாம் வீண். மெசேஜே போதும், படிப்பான்.

ஜூன் 23, திங்கள்

படிக்கவில்லை. ஜெரால்டுக்கு மட்டும் 'ஜூலையில் வருகிறேன்' என்று பதில் போட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

நாளைக் காலை முதல் பஸ். பாக்கியத்திடம் சிலேட்டில் எழுதிக் காட்டினேன், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதே மறந்துவிட்டது. இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசி ஒரு வழியாகச் சாவியை வாங்கிக்கொண்டாள். மூன்று நாளை வீணாக்கிவிட்டேன்.

ஜூன் 26, வியாழன், விழுப்புரம்

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

பஸ் மாறி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் உச்சி நேரம் ஆகிவிட்டது. கோயிலுக்குப் பின்னால் ஒரு புளியமரம். அடிமரம் முழுக்க ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கொத்து முடி. எல்லாம் நீள முடி. மரத்தடியில் மோகனா உட்கார்ந்திருந்தாள், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தார்கள். உடுக்கை அடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

பூசாரி அவள் உச்சிமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டான். "யார்றி நீ? பேரச் சொல்லு!"

"மோகனப்ரியா."

பிரம்பால் ஒரு அடி. "இவ பேர எங்கிட்டயே சொல்றியா? ஒம் பேரச் சொல்லுடி!"

"எம் பேரே அதாங்க. மோகனப்ரியா."

மறுபடியும் அடி. அண்ணி "சொல்லிடு தாயே, சொல்லிட்டுப் போயிடு தாயே" என்று கும்பிட்டாள், தான் பெற்ற பெண்ணைப் பார்த்து. மூன்றாவது அடியும் விழுந்ததும் மோகனா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு "செல்வி" என்றாள். கூட்டம் மூச்சுவிட்டது. எனக்குப் பக்கத்திலிருந்த கிழவர் "ஆமாமா, கெணத்துல வுழுந்தாளே ஒரு செல்வி" என்று தலையாட்டினார். பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் பெயராம் அது. வாயில் வந்ததைச் சொன்னாளாம்.

"என்னடி வேணும் ஒனக்கு? சேலையா, கோழியா?"

"ரூமுக்கு உள்பக்கம் தாப்பா வேணும். கழட்டி எடுத்துட்டாங்க."

சிலர் சிரித்தார்கள். பேய் தாழ்ப்பாள் கேட்கிறது பார் என்றார்கள். அந்த அருணகிரி வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக முன்னால் நின்றிருந்தார். "கெணத்துல மூடிக் கெடந்த ஆவி. அதான் கதவு, தாப்பாங்குது" என்றார், ரொம்பப் பொறுமையாக. மாப்பிள்ளை திருமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பூசாரி முடியை அறுக்கக் கத்தியை எடுத்தான். "ஆணி அடிச்ச கையோட பொண்ணு புருஷன் வீட்டுப் படிய மிதிக்கணும். இன்னிக்கே. பொழுது சாஞ்சா திரும்பி வந்துடும்" என்றான். சாயங்காலம் அந்த வீடு, ராத்திரி நைட் ஷிப்ட்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். 'நான் அவ அத்தை. அவள விடுங்க. என்ன நடந்துச்சுன்னு அவளையே கேளுங்க.' இதைத்தான் சொல்ல நினைத்தேன், பஸ்ஸில் மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தேன். வாயைத் திறந்தால் வெறும் காற்று. "சும்மா இரும்மா" என்று ஒருத்தி என்னைப் பின்னால் தள்ளினாள். இன்னொரு தடவை முக்கினேன். சொந்தக் குரல் வரவில்லை. தொழில் குரல்தான் வந்தது, அடித்தொண்டையிலிருந்து.

"விடுடா அவள!"

உடுக்கை நின்றது. பூசாரி கையிலிருந்த முடியை விட்டுவிட்டான். "மாறிடுச்சுடி! இந்தம்மா மேல ஏறிடுச்சுடி!" என்று என்னைத் தள்ளினவளே அலறினாள். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் விலகினார்கள்.

"யாரு... யாரும்மா நீ?" என்றான் பூசாரி. அவளை 'டீ' போட்டுப் பேசியவன் என்னை அம்மா என்கிறான். அந்த நேரத்தில் லோகநாயகி, கஜேந்திரன் தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். தன் பெயரைச் சொன்னவளுக்கு என்ன கிடைத்தது என்று இப்போதுதானே பார்த்தேன். பயம். பயம் மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என் வாயைப் பார்த்தார்கள். ஆயுசு முழுக்க இருட்டறையில் நின்று வேறொருத்தி முகத்துக்குப் பேசியவள் நான்.

பேசினேன். எத்தனை படத்தில் பேசியிருக்கிறேன்! கண்ணை உருட்டினேன், தலையைச் சுழற்றினேன். "ராத்திரியில கதவத் தள்ளுறது யாருடா? அதோ, பட்ட பட்டையா பூசிக்கிட்டு நிக்கிறானே, அவனக் கேளு! மருமவ ரூமுத் தாப்பாள எதுக்குடா கழட்டுன? இந்தப் பொண்ணு இனிமே அந்த வீட்டுப் படிய மிதிச்சா ஒரு வம்சம் மிச்சம் இருக்காது!"

எல்லாத் தலையும் அருணகிரி பக்கம் திரும்பியது. அவர் வந்து தடாலென்று என் காலில் விழுந்தார். "தாயே, தெரியாமப் பண்ணிட்டேன் தாயே!" என் காலில் விழுந்தார். பத்தடி தள்ளி மருமகள் உட்கார்ந்திருந்தாள், அவள் பக்கம் திரும்பவே இல்லை. திருமூர்த்தி அப்பனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

என் முன்னால் சூடம் கொளுத்தினார்கள். ஒருநாளும் என் பேச்சைக் கேட்காத அண்ணன் கைகூப்பிக்கொண்டு, "அனுப்பல தாயே, சத்தியமா அனுப்பல" என்றான். மாசக்கணக்காக அந்தப் பெண் சொல்லி நடக்காதது ஐந்து நிமிஷத்தில் நடந்துவிட்டது.

மோகனாவைப் பார்த்தேன். எல்லோரும் பயந்த இடத்தில் அவள் ஒருத்திதான் பயப்படவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் சந்தோஷமும் இல்லை.

வாயில் ரத்தம் கரித்தது. மயங்கி விழுந்தேன். அதுவும் நடிப்பு இல்லை.

ஜூன் 27, வெள்ளி

இங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டினோம். ஆபரேஷன் பண்ணின இடம் கிழிந்திருக்கிறதாம். குரல் திரும்புமா என்று எழுதிக் கேட்டேன். "பேச்சு கொஞ்சம் வரலாம்மா. தொழில் பண்ண முடியாது" என்றார்.

மோகனா எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். கை முழுக்கப் பிரம்புத் தடிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள், "அந்த ஆடியோவ அப்பா ஒங்ககிட்ட போட்டுக் காட்டுனாராமே. மூணு வாட்டி கேட்டீங்களாமே அத்தை. நான் மாமான்னு சொல்றது கேக்கலியா ஒங்களுக்கு?"

கேட்டது என்று எழுதினேன். அவள் படித்தாள். கஞ்சி ஆறுகிறது, குடிங்க என்றாள். நாசமாய்ப் போன காது எனக்கு. அழுதுகொண்டே குடித்தேன்.

ஜூன் 28, சனி

கோயிலில் எடுத்த வீடியோ ஊர் ஊராகப் போய், சென்னை வரைக்கும் போய்விட்டது. ஜெரால்டு மெசேஜ்: "மேடம் இது நீங்கதானே?! செம! அந்த ஆடியோ க்ளீனா யார்கிட்டயாச்சும் இருக்கா? க்ளைமாக்ஸுக்கு அப்படியே வெச்சிக்கலாம்."

எனக்கு இனிமேல் குரல் கிடையாது என்று பதில் போட்டேன். ஒரு அழுகிற பொம்மையும் ஒரு கும்பிடும் அனுப்பினான்.

ஜூன் 30, திங்கள்

வீட்டில் கறிக்குழம்பு. 'பேய் போனதுக்கு.' அண்ணி என்னை வாங்க போங்க என்கிறாள், தட்டை எட்டத்தில் வைத்துத் தள்ளிவிடுகிறாள்.

சாப்பிடும்போது மோகனா சொன்னாள், "மகளிர் ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ண்ட் குடுக்கப் போறேம்ப்பா."

"எதுக்கு? அதான் நல்லபடியா முடிஞ்சிதே. அவங்க வீட்டுக்கு அனுப்பலன்னு அம்மன் முன்னாடியே சொல்லிட்டேன்."

"அவரு செஞ்சதுக்கு."

"பேயி சொன்னத வெச்சி கேஸ் குடுப்பாங்களா யாராச்சும்? பேய்க்கு பயந்துதான் கால்ல வுழுந்தேம்பான் அந்தாளு."

"பேயி சொல்லலப்பா. நான் சொன்னேன். பொங்கலுக்கு வந்தப்ப அம்மாகிட்ட சொன்னேன். ஒங்களுக்கு போன் பண்ணி சொன்னேன்."

அண்ணி குறுக்கே வந்தாள். "அதெல்லாம் அது உள்ள இருந்து பேசுனதும்மா. ஒனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

"எல்லாம் ஞாபகம் இருக்கும்மா. அடி வாங்குனது வரைக்கும்."

நான் எழுந்து போய்ப் பெரிதாக எழுதி அண்ணன் முன்னால் வைத்தேன். 'பேய் எதுவும் வரவில்லை. நான் நடித்தேன். அவள் சொன்னதெல்லாம் உண்மை.' அண்ணன் அதைப் படித்தான். இந்த ஒன்றைப் படித்தான். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "நடிப்பா? எங் கண்ணால பாத்தேன் லோகா. சத்தியமா அது நடிப்பில்ல" என்றான்.

மோகனா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஜூலை 2, புதன்

காலையில் மோகனா புடவை கட்டி, பின்னி, கிளம்பி நின்றாள். நானும் குளித்துத் தயாராகியிருந்தேன். ராத்திரியே இரண்டு பக்கம் எழுதி வைத்துவிட்டேன், கொண்டிச் சத்தத்திலிருந்து எல்லாம், கீழே கையெழுத்தும் போட்டு. செருப்பில் காலை நுழைத்தேன்.

"நீங்க வர வேணாம் அத்தை."

காகிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்தாள், கடைசிவரைக்கும் படித்தாள். மடித்து என் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"அந்த வீடியோ ஸ்டேஷன்லயும் எல்லார் போன்லயும் இருக்கும். நீங்க வந்து எம் பக்கத்துல நின்னீங்கன்னா, அன்னிக்கு வந்த பேயி இதோ வந்திருக்குன்னு ஒங்களத்தான் பாப்பாங்க. நான் எத சொன்னாலும் பேயி சொன்னதுதானன்னு போயிடும்." கோபமாகச் சொல்லவில்லை. "என்னக் காப்பாத்தத்தான் செஞ்சீங்க. தெரியும். அன்னிக்கு ராத்திரி அந்த வீட்ல நான் இருந்திருப்பேன், நீங்க இல்லன்னா. ஆனா இத நானா போயி சொல்லணும், நான் சொன்னதா இருக்கணும்."

சரி என்று தலையாட்டினேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் என் வாயைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்றாள், அப்புறம் போய்விட்டாள்.

வாசலிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் தெரியும். நான்கைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். இவள் போய் நின்றதும் பேச்சை நிறுத்திவிட்டுத் தள்ளித் தள்ளிப் போனார்கள். ஒருத்தி குழந்தையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பஸ் வந்தது. மோகனா ஏறி, ஜன்னலோரம் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எழுந்து பின்னால் போய்விட்டாள்.

மோகனா ஜன்னலுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அந்த சீட்டைக் காலி பண்ணியது நான்தான். பஸ் கிளம்பிப் போய்விட்டது.